மச்சுப்படிக்கு அடியில்

கூட்டுக் குடும்பத்தின் அருமை பெருமைகளை யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன். எனக்கு அந்தப் பேச்சு ஆகாது. ஒரே கூரையின் கீழ் சேர்ந்து உண்டோம், சேர்ந்து உறங்கினோம் என்று கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்தக் கூரையின் கீழ் புடவை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு மறைவு தேவைப்பட்டதே இல்லை.

எங்கள் கூரை மட்டாஞ்சேரியில் இருந்தது. மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஓடிய ஒரு சந்தில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. முன்னறை, அதை ஒட்டிக் கூடம், அப்புறம் அடுக்களை, அதன் பின்னால் உப்புக் கிணறும் கிடங்கின் உயரமான பின்சுவரும். வீட்டுக்கு ஒரே வாசல். கொல்லைப்புறமாக வெளியே போக வழி கிடையாது. கூடத்துச் சுவரோரமாக மரப்படி ஏறினால் மேலே மச்சு. அந்த மச்சிலும் பாதிதான் எங்களுக்கு. மீதிப் பாதியில் வீட்டுக்காரர் சுக்கு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். வாடகைக்கு விடும்போதே அப்படித்தான் பேச்சு. மேலே யாராவது புரண்டு படுத்தால் பலகை இடுக்கு வழியாகக் கீழே படுத்திருக்கிற எங்கள் முகத்தில் சுக்குத்தூள் உதிரும். தும்மிக்கொண்டே எழுந்திருப்பது எங்கள் குடும்ப வழக்கம்.

இதற்குள் அப்பா, அம்மா, அண்ணா, நான், என் இரண்டு தம்பிகள். போதாததற்குப் பாலக்காட்டிலிருந்து வேலை தேடி வரும் உறவுக்காரர்கள், ஒருவர் போனால் இன்னொருவர். எர்ணாகுளத்தில் வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று வருவார்கள். வேலை எளிதில் கிடைக்காது, அவர்களும் எளிதில் போக மாட்டார்கள்.

அப்பா ஒரு மிளகு வியாபாரியிடம் குமாஸ்தா. கிடங்கில் மூட்டை அடுக்குவதை நாள் முழுவதும் பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அப்படி அடுக்க அவருக்குக் கைவந்திருந்தது. டில்லியில் ஐந்தாண்டுத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் அப்பா போட்டுக்கொண்டிருந்தார். யார் பாய் எங்கே விரிய வேண்டும், யார் குளித்த பிறகு யார், முதல் பந்தியில் யார், எந்த ஆணியில் யார் சட்டை என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. விருந்தாளிகளிடம் அதைப் பெருமையாகச் சொல்வார்.

"எடம் இல்லேன்னு சொல்றதெல்லாம் மடத்தனமாக்கும். ஒரு எடமும் சும்மா கெடக்கப்படாது. அவ்வளவுதான் சூத்திரம்."

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முன்னறையில் அவருக்கென்று அவரே ஒதுக்கிக்கொண்டது தம்மைவிடக் குட்டையான ஒரு பெஞ்சு. முழங்காலை மடக்கிக்கொண்டு அதில்தான் தூங்குவார். தனக்குக் குறைத்துக்கொண்டவர் என்பதால்தான் அவரிடம் யாரும் எதையும் கூட்டிக் கேட்க முடியவில்லை.

அண்ணாவுக்கு ஏலூரில் உர ஃபாக்டரி ஒன்றில் வேலை கிடைத்தது. படகேறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஏலூர் போக வேண்டும். ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் இரவு. வேலை நிரந்தரமான கையோடு கல்யாணமும் நடந்தது. மன்னி வந்தாள்.

மன்னி எர்ணாகுளத்துக்காரி. பிராட்வேக்குப் பின்னால் அவர்கள் வீடு. அவளுடைய அப்பாவுக்குக் கோர்ட்டில் எழுத்து வேலை. பத்தாவது வரை படித்தவள், வாரிகை என்று சொல்கிற மலையாள வாரப் பத்திரிகை எது கிடைத்தாலும் விழுந்து விழுந்து வாசிப்பவள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். வீட்டில் அம்மாவைத் தவிர இன்னொரு பெண்பிள்ளை வந்துவிட்டாள் என்று நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றினேன். பாவம், அதுவும் அவளுக்கு ஓர் இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும்.

மச்சை அப்பா புதுத் தம்பதிக்கு ஒதுக்கினார். அதுவரை அங்கே படுத்த தம்பிகளும் விருந்தாளியும் கூடத்துக்கு இறங்கினார்கள். அப்பாவுக்கு அந்த ஏற்பாட்டில் ரொம்பத் திருப்தி. ஆனால் அண்ணாவுக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் மச்சு இரவெல்லாம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற இடத்தை அப்பாவால் எப்படிப் பொறுக்க முடியும்? அந்த வாரங்களில் தம்பிகளும் விருந்தாளியும் மறுபடி மேலே போவார்கள். மன்னி தலையணையை எடுத்துக்கொண்டு கீழே வந்து அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் படுப்பாள். காலையில் அண்ணா வந்து மச்சில் தூங்குவான். அப்போது அவள் மேலே போனால் பலகை கிறீச்சிடும், அவன் விழித்துக்கொள்வான். அதனால் போக மாட்டாள். பகல் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் மச்சு காலியாகத்தானே இருந்தது என்றால், அப்போது தம்பிகளுக்குப் படிக்க இடம் அது. ஆக, அண்ணா இருந்தால்தான் அது மன்னியின் அறை. அவளுக்காக மட்டும் அது ஒரு மணி நேரம்கூட அவளுடையதாக இருந்ததில்லை. அவளுடைய டிரங்குப் பெட்டி சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் இருந்தது. புடவை மாற்ற அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாத்தின உடனே யாருக்காவது தண்ணீர் தாகம் எடுக்கும்.

அப்பாவின் ஏற்பாட்டுக்குள் வராத இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மச்சுப்படிக்கு அடியில், பலகை அடித்து மறைத்த ஒரு பொந்து. 'படியடி' என்போம். அதன் குட்டைக் கதவு, அடுக்களையை ஒட்டிக் கிணற்றங்கரைக்குப் போகும் நடையில் திறக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, ஒருக்களித்துப் படுக்கலாம். சந்துப் பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் அங்கே இருக்க வேண்டும். எங்களவர்களிடம் அதற்குத் 'தூரம்' என்று பேர். தூரமானவள் யாரையும் தொடக்கூடாது, அடுக்களைக்கும் சாமிக்கும் பக்கத்தில் வரக்கூடாது. பெரிய வீடுகளில் இதற்குக் கொல்லையில் தனி அறை இருக்கும். எங்களுக்குக் கொல்லையே இல்லாததால் படியடி.

அம்மா அந்தப் பொந்தில் எத்தனை வருஷம் கிடந்தாள் என்று எனக்குத் தெரியும். கொசுவும் புழுக்கமும் தலைக்கு மேலே எல்லோருடைய காலடிச் சத்தமுமாக அவள் வெந்துபோய் உட்கார்ந்திருப்பாள். மன்னி வருவதற்குச் சற்று முன்னால் அம்மாவுக்கு நின்றுவிட்டது. "ஈசுவரா, அந்தக் குழியிலேருந்து எனக்கு விடுதலை" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அதே குழிக்குள் மன்னி சிரித்துக்கொண்டே போனாள்.

நான் இன்னும் பெரியவளாகாத பெண் என்பதால் அவளுக்குத் தட்டு கொண்டுபோய் வைப்பது என் வேலை. கதவருகில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன், அவள் இழுத்துக்கொள்வாள். ஒருநாள் காபி கொண்டுபோனபோது அவள் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் தூக்கிப் படியின் அடிப்பலகையில் ஊன்றிக்கொண்டு, மார்பின் மேல் வாரிகையை விரித்து வைத்துக்கொண்டு தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் ஒரு பெண் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரே ஆச்சரியம்.

"மன்னி, உனக்கு இங்க கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமா? போடீ குட்டி. இங்க வந்தாத்தான் எனக்குக் காலை நீட்டணும்னே தோணறது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாரும் கூப்பிட மாட்டா. யாரும் தொட மாட்டா. யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டா. நீ பெரியவளானா உனக்கும் இந்த எடம் கிட்டும், கேட்டயா? கவலைப்படாதே."

காபியை ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடி வாரிகைக்குள் போய்விட்டாள். ஜன்னல் வழியாகக் காயலிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. சந்தில் கைவண்டி தள்ளுகிறவர்கள் வழி கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த இடத்துக்காக மன்னி பொய் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பொய்யைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. இருவருக்கும் தலை நரைத்த பிறகு ஒரு மத்தியானம் அவளே சொன்னாள். பாலக்காட்டிலிருந்து ஒரு குடும்பமே வந்து இறங்கியிருந்த சமயம். அண்ணாவுக்கு வேறு இரவு ஷிப்ட். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. காலையில் பைப்படியில் தண்ணீருக்கு நின்று, குடம் குடமாகச் சுமந்து, பந்தி பந்தியாகப் பரிமாறி, சாப்பிட உட்கார்ந்தவளை இரண்டு முறை எழுப்பிவிட்டார்களாம். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, "நான் தூரம்" என்று அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கூப்பிட்டவர் அப்படியே பின்னால் நகர்ந்தார். இரண்டே சொல்லுக்கு இவ்வளவு சக்தியா என்று அவளுக்கே மலைப்பாக இருந்ததாம்.

அதற்குப் பிறகு தேதி ஒரு வாரம் முந்தும், இல்லாவிட்டால் ஒரு நாள் நீளும். அம்மா சந்தேகப்படவில்லை. தூரமானவள் பக்கம் திரும்பாமல் இருப்பதே பழக்கம். அவளுடைய துணியை யாரும் பார்க்கக்கூடாது, அவளும் பிறர் கண்ணில் படாமல் அலசி உலர்த்த வேண்டும். பார்க்கக்கூடாது என்று வளர்ந்த கண் எதைப் பார்க்கும்?

பிறகு மன்னிக்கு நிஜமாகவே நின்றது. முதல் மாதம் அவளுக்குச் சந்தேகம், இரண்டாம் மாதம் நிச்சயம். வீடு முழுவதும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சேதி அது. கோவிலுக்குப் போனால் அம்மாவின் வேண்டுதல் அதுவாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டால் பத்து மாதம் படியடி கிடையாது. பிள்ளை பிறந்த பிறகு என்ன கிடைக்கும் என்று யார் கண்டது? இன்னும் ஒரே ஒரு தடவை போய்ப் படுத்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தாளாம். அடுத்த மாதமும் அப்படியே நினைத்தாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு தூரமென்று சொல்லிப் போய் உட்கார்ந்தாள். அவளை நினைத்து எனக்குக் கோபம் வந்ததில்லை. ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் தனியாக இருக்க இந்த ஒரு சாக்கைத் தவிர வேறெதையும் மிச்சம் வைக்காத எங்கள் எல்லோர் மேலும்தான் வந்தது. இன்றைக்கும் வருகிறது.

தாத்தாவின் திவசம் வந்தது. அப்பாவுக்கு வருஷத்தில் மிக முக்கியமான நாள். அன்றைக்கு வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் அவர் புது ஏற்பாடு போடுவார். முன்னறையில் ஹோமம். கூடத்தில் சாப்பிட வரும் பெரியவர்களுக்கு இலை. அவர்கள் சாப்பிட்டு எழும்வரை அடுக்களையில் அம்மாவைத் தவிர யாரும் நடமாடக் கூடாது. குழந்தைகள் மச்சில், சுக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில், வாய் திறக்காமல் உட்கார வேண்டும். விருந்தாளி அன்று எங்கேயாவது சுற்றிவிட்டு வர வேண்டும். அண்ணாவுக்குப் பகல் ஷிப்ட். அதனால் அவனுக்கு இடம் தேட வேண்டிய சிரமம் அப்பாவுக்கு இல்லை.

விடிந்ததும் மன்னி கிணற்றங்கரையில் நின்றபடி, "அம்மா, நான் தூரம்" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அன்று அவள் பொய் சொல்லவில்லை. பைப்பிலிருந்து முதல் குடத்தை இறக்கி வைத்தபோதே இரத்தம் கண்டுவிட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதமாகச் சொன்ன பொய்யை எல்லாம் பிரித்துப் போட்டால்தான் இந்த ஒரு நிஜத்தைச் சொல்ல முடியும். திவசத்தன்று காலையில் அதற்கு ஏது நேரம்?

அம்மாவுக்கு எரிச்சல் பொங்கியது. வடைக்கு அரைக்க வேண்டும், காய் நறுக்க வேண்டும், இனி எல்லாம் அவள் ஒருத்தி தலையில்.

"இன்னிக்குன்னு பாத்தா வரணும்? சரி, சரி, போ. கதவைச் சாத்திக்கோ. இன்னிக்குத் தூரமானவ குரல் அவா காதுல விழப்படாது. சாப்ட்டு எழுந்து போறவரைக்கும் சத்தமே வரப்படாது, மனசிலாச்சா?"

மன்னி தலையாட்டிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள்.

மச்சுப்படியின் உச்சியில் தம்பிகளைக் காவல் காத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கீழே மந்திரம் முடிந்து, இலை போட்டு, பரிமாறல் ஆரம்பித்தது. பசியில் எங்களுக்கு நெய் வாசனையைத் தாங்க முடியவில்லை. அப்போது என் உள்ளங்காலுக்குக் கீழே படிப்பலகை லேசாக அதிர்ந்தது. யாரோ அடியிலிருந்து தட்டினார்கள். சற்று நின்று மறுபடி தட்டினார்கள். கூடத்தில், திவசம் செய்துவைக்க வந்த வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "எலி. மேலே சரக்கு மூட்டை இருக்கோல்லியோ" என்றார் அப்பா, ஒரு சங்கடச் சிரிப்போடு.

எலி இப்படித் தட்டாது என்று எனக்குத் தோன்றியது. இரண்டு படி இறங்கி, படிக்கும் படிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தேன். இருட்டில் மன்னியின் முகம் தெரிந்தது. கையில் சொம்பு. அதைக் கொண்டுதான் தட்டியிருக்கிறாள். உதட்டைக் கடித்திருந்த இடத்தில் இரத்தம்.

"அம்மாவைக் கூப்பிடு." குரல் வெறும் மூச்சாக வந்தது. "இது அதில்லேன்னு சொல்லு. மன்னி சொன்னா, இது அதில்லேன்னு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பிகளை அசையாமல் இருக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். இறங்கினேன். படி முடிகிற இடத்திலேயே முதல் இலை. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்படியே பொசுங்கிப் போயிருக்க வேண்டும். சுவரோடு ஒட்டி நடந்து அடுக்களை வாசலுக்குப் போனேன். அம்மா மடிப்புடவையில், வேர்த்து விறுவிறுத்து, பாயசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"கிட்ட வராதே! மேல போடீ!"

"அம்மா, மன்னி கூப்பிடறா. இது அதில்லேன்னு சொல்லச் சொன்னா."

"எது எதில்லை?" என்று சீறியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆறு பெற்று நாலை வளர்த்தவள் அவள். பாயசப் பாத்திரம் கைநழுவி அடுப்புத் திட்டில் உட்கார்ந்தது. நடைக்குப் போனாள், குட்டைக் கதவைத் திறந்தாள். பாய் முழுக்கச் சிவப்பாக இருந்ததை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் பார்த்தேன்.

அம்மா ஒரு கணம் நின்றாள். நான் அந்தக் கணத்தைப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பிறந்தது முதல் பழகிய விலகல் அது, உடம்பே பின்வாங்கும். தொட்டால் சமையல் போயிற்று, திவசம் போயிற்று, பித்ருக்கள் பட்டினி. பிறகு அவள் மண்டியிட்டு உள்ளே நுழைந்து, இரண்டு கைகளையும் மன்னியின் அக்குளுக்குள் கொடுத்து வெளியே இழுத்தாள்.

"ஏன்டீ பொண்ணே, ஒரு வாய் கத்தியிருக்கப்படாதா?"

"சத்தம் வரப்படாதுன்னேளே" என்றாள் மன்னி.

அம்மாவும் நானுமாக அவளைத் தூக்கி நிறுத்தினோம். தெருவுக்குப் போக இருந்த ஒரே வழி கூடம். கூடத்தில் இலைகள். ஒவ்வோர் அங்குலத்தையும் அப்பா பயன்படுத்தியிருந்ததால் இலைக்கும் இலைக்கும் நடுவில் ஓர் ஆள் போகும் இடம்கூட இல்லை. இரத்தம் சொட்டச் சொட்ட மன்னியும், அவளைத் தாங்கியபடி மடிப்புடவையில் அம்மாவும் அடுக்களை வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் எல்லோருடைய கையும் இலையிலேயே நின்றுவிட்டது.

"என்ன காரியம் பண்றே நீ?" என்றார் அப்பா. கோபம்கூட இல்லை, திகைப்பு.

"வழி விடுங்கோ."

அம்மா அப்பாவிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார், மன்னியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். விரலில் தர்ப்பைப் பவித்திரம் இருந்தது. அப்படியே குனிந்து, சோறும் எள்ளுருண்டையும் வைத்திருந்த நடு இலையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். சாப்பிட வந்தவர்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். அந்த வழியாக நாங்கள் மன்னியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனோம். சந்து முனையில் நின்ற ரிக்‌ஷாச் சேட்டன் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினான்.

பிள்ளை தங்கவில்லை. மன்னி பிழைத்தாள்.

ஆசுபத்திரியில் டாக்டரம்மா எத்தனை மாதம் என்று கேட்டார். மன்னி சொன்னாள். "அதெப்படி, போன மாசம்கூட..." என்று ஆரம்பித்த அம்மா, மன்னியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விழுங்கிவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பொய் புரிந்ததே தவிர, எதற்காகப் பொய் என்பது புரியவில்லை. அந்தக் குழியில் வெந்தவளுக்கு அது எப்படிப் புரியும்? வேலைக்குப் பயந்து சொல்லியிருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். ஆனால் அப்பாவிடமோ அண்ணாவிடமோ அம்மா அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மருமகளுக்காக அவள் காத்த முதல் ரகசியம் அது.

வீட்டுக்கு வந்த அம்மா படியடியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு பாயைச் சுருட்டி வெளியே எறிந்தாள். தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமே என் ஆத்துல ஒரு பொண்ணும் இந்தக் குழிக்குள்ள போகப்படாது. அடுக்களைக்கு வராம எங்க வேணாலும் இருந்துக்கட்டும்" என்றாள். அப்பா தலையாட்டினார். அந்த நாளுக்குப் பிறகு அவர் அம்மாவிடம் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. ஆனால் சுபாவம் எங்கே போகும்? காலியான இடத்தைக் கண்டதும் அவர் கண் அளக்க ஆரம்பித்தது. மறுநாள் விறகுக்காரன் வந்தான். நடையை அடைத்துக்கொண்டு கிடந்த விறகெல்லாம் படியடிக்குள் போயிற்று. தரையிலிருந்து பலகைவரை ஒரு விரல் இடுக்கில்லாமல் அடுக்கினார்கள். அப்பாவே நின்று அடுக்கினார். நடை அகலமாயிற்று என்று தம்பிகளுக்குச் சந்தோஷம்.

மன்னி ஒரு சாயங்காலம் ஆசுபத்திரியிலிருந்து வந்தாள். அண்ணா கையைப் பிடித்து இறக்கினான். அம்மா ஆரத்தி எடுக்கவில்லை, எடுக்கும்படியான வருகையா அது? கையைப் பிடித்து நேரே நடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு முதலில் இதைக் காட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. குட்டைக் கதவைத் திறந்தாள். உள்ளே விறகின் வெட்டுமுகங்கள் வரிசையாகத் தெரிந்தன.

"பாத்தயா கொழந்தே? இனி உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. யாருக்கும் இல்லை."

மன்னி பார்த்துக்கொண்டே நின்றாள். ஆசுபத்திரியில் அழாதவள், பிள்ளை போயிற்று என்று சொன்னபோதுகூட வெறித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள், அந்த விறகின்மேல் கையை வைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள்.

"அம்மா, அப்ப நான் எங்க இருப்பேன்?"

"இதென்ன கேள்வி? இவ்வளவு பெரிய ஆத்துல..." என்று அம்மா ஆரம்பித்தாள். பிறகு நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். முன்னறையில் அப்பாவும் பெஞ்சும். கூடத்தில் தம்பிகளின் புஸ்தகங்களும் புதிதாக வந்திருந்த விருந்தாளியின் படுக்கையும். மேலே இரவு ஷிப்ட் போகும் முன் கொஞ்சம் தூங்க ஏறிய அண்ணாவின் காலடியில் பலகை கிறீச்சிட்டது. அம்மாவின் வாக்கியம் முடியவில்லை. மன்னி ஏன் பொய் சொன்னாள் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் முகம் அப்படி விழுந்தது.

விறகு அங்கேயே இருந்தது. வேறு எங்கே வைப்பது?

அண்ணா ஷிப்டுக்குக் கிளம்பிப் போனதும், மன்னி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மச்சுப்படியின் மூன்றாவது படியில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். எத்தனை நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. படுக்கும் நேரத்துக்குப் பெரிய தம்பி புஸ்தகங்களை அள்ளிக்கொண்டு மேலே போக வந்தான். அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"மன்னி, கொஞ்சம் நகந்துக்கோயேன். வழி."

மன்னி முழங்காலை மடக்கி, சுவரோடு ஒட்டி, வழி விட்டாள்.